எந்த மொழி என்று கேட்பதற்கு முன்னால்: எல்லையில் உடைபவை பற்றி ஒரு பேச்சு

எல்லைக்கல்:

எங்கள் டீமில் புதிதாக ஒரு சர்வீஸ் எழுதப் போகிறோம். இரண்டு வாரமாக எந்தக் கூட்டத்தில் உட்கார்ந்தாலும் ஒரே பேச்சுதான்: எந்த நிரல் மொழி? 'கோ' மொழியா, ரஸ்ட்டா, இல்லை பழகிய ஜாவாவே போதுமா? கட்டமைப்பாளர் என்ற முறையில் முடிவை நான்தான் சொல்லியாக வேண்டும். சொல்வதற்கு முன்னால் எங்கள் பழைய பிழைப் பட்டியலைத் திறந்து உட்கார்ந்தேன். கடந்த மூன்று வருடத்தில் பயனரைத் தொட்ட பிழைகள், ராத்திரியில் யாரையாவது எழுப்பிய பிழைகள், இவற்றை மட்டும் ஒவ்வொன்றாகப் படித்தேன்.

ஒரு மொழிக்குள்ளேயே பிறந்து அதற்குள்ளேயே முடிந்த பிழைகள் கொஞ்சம்தான். மற்றதெல்லாம் ஒரு மதிப்பு ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குக் கடந்து போகிற இடத்தில் நடந்தவை. சர்வரிலிருந்து பிரவுசருக்கு, பிரவுசரிலிருந்து சர்வருக்கு, சர்வரிலிருந்து டேட்டாபேஸுக்கு. இரண்டு பக்கமும் நிரல் சரியாகவே இருந்தது. நடுவில் மதிப்பு மாறிப் போயிருந்தது.

எனக்கு மிகவும் வலித்த ஒன்றைச் சொல்கிறேன். ஆர்டர்களுக்கு 18 இலக்க அடையாள எண் கொடுத்திருந்தோம். ஜாவாவில் அது 64 பிட் முழு எண், ஒரு சிக்கலும் இல்லை. டேட்டாபேஸிலும் அப்படியே. ஜேசான் என்ற தரவு வடிவத்தில் எண்ணாகவே பிரவுசருக்கு அனுப்பினோம். பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட்டில் சாதாரண எண் எல்லாமே டபுள்தான், அதாவது 64 பிட் தசம எண். 9007199254740991 வரைதான் முழு எண்களை ஒன்று விடாமல் பிரித்துக் காட்ட முடியும். அதற்கு மேலே போனால் பக்கத்தில் இருக்கிற ஏதோ ஒரு எண்ணாக மாறிவிடும். பிழைச் செய்தி கிடையாது, எச்சரிக்கையும் கிடையாது. நம்பிக்கை இல்லாவிட்டால் பிரவுசர் கன்சோலில் 9007199254740993 என்று தட்டிப் பாருங்கள், கடைசி இலக்கம் 2 என்று திரும்பி வரும்.

எங்கள் எண்களில் கடைசி இரண்டு மூன்று இலக்கங்கள் மாறிப் போயின. ஆர்டரைத் திறந்தால் 'அப்படி ஒன்று இல்லை' என்று வந்தது. சில எண்கள் மட்டும் தற்செயலாக மாறாமல் தப்பித்ததால், பிழை சிலருக்கு வந்தது, சிலருக்கு வரவில்லை. கண்டுபிடிக்க நான்கு நாள் ஆயிற்று. சர்வர் பதிவில் சரியான எண், ஏபிஐயின் (நிரல்கள் ஒன்றோடொன்று பேசும் வாசலின்) பதிலில் சரியான எண், திரையில் மட்டும் வேறு எண்.

இத்தனைக்கும் இது புதிய விஷயமே இல்லை. ட்விட்டர் 2010-லேயே இதே காரணத்துக்காகத் தன் ஏபிஐயில் அடையாள எண்ணை எழுத்து வடிவத்திலும் சேர்த்து அனுப்பத் தொடங்கியது. நாங்கள் அதைப் படிக்காமல் விட்டிருந்தோம்.

அதனால் மொழித் தேர்வைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, எல்லையில் உங்களுக்கு என்னென்ன உடைந்திருக்கிறது என்று கேட்க விரும்புகிறேன்.

துருவாணி:

முதல் பாதியோடு உடன்படுகிறேன். ஆனால் அதிலிருந்து 'மொழி எதுவாக இருந்தாலும் ஒன்றுதான்' என்ற முடிவுக்கு யாரும் போய்விடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். தங்கள் மென்பொருள்களில் ஒவ்வொரு வருடமும் பதிவாகும் பாதுகாப்புக் குறைகளில் சுமார் 70% நினைவகக் கையாளுதல் பிழைகள் என்று மைக்ரோசாஃப்ட் 2019-ல் சொன்னது. அடுத்த வருடமே குரோம் பிரவுசருக்கு அடிப்படையான குரோமியத்தின் குழுவும் தங்களுடைய தீவிரமான பாதுகாப்புப் பிழைகளுக்கு ஏறக்குறைய அதே அளவைச் சொன்னது. அவை முழுக்க மொழிக்குள்ளே பிறக்கிற பிழைகள். சி, சி++ எழுதியவர்களுக்குத் திறமை குறைவு என்று அர்த்தமில்லை. அந்த மொழி அனுமதிக்கிறது, அதனால் நடக்கிறது. ரஸ்ட்டில் அவற்றில் பெரும்பாலானவை கம்பைல் (ஓடக்கூடிய வடிவத்துக்கு மாறுவது) ஆகவே ஆகாது.

உங்கள் பட்டியலில் அந்த வகை இல்லாததற்குக் காரணம், நீங்கள் பயன்பட்டு முடிந்த நினைவகக் குப்பையைத் தானே சேகரித்துக்கொள்ளும் மொழிகளில் வேலை செய்கிறீர்கள் என்பதுதான். ஒரு மொழித் தேர்வு உங்களுக்காக ஏற்கனவே நடந்து முடிந்துவிட்டது, அவ்வளவுதான்.

எல்லைக்கல்:

> ஒரு மொழித் தேர்வு உங்களுக்காக ஏற்கனவே நடந்து முடிந்துவிட்டது

நியாயமான பேச்சு. இதை நான் யோசிக்கவில்லை. பிரவுசர், இயங்குதளம், வீடியோ டிகோடர் எழுதுகிறவர்களுக்கு என் பட்டியல் பொருந்தாது, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் கண்டிப்பான மொழி எல்லையையும் சேர்த்துக் காப்பாற்றிவிடும் என்று நம்பத் தயக்கமாக இருக்கிறது. ஏரியான் 5 ராக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1996 ஜூன் 4, முதல் பயணம், சுமார் 40 நொடியில் சிதறிப் போனது. 64 பிட் தசம எண்ணை 16 பிட் முழு எண்ணாக மாற்றும் இடத்தில் அந்த எண் கொள்ளவில்லை. எழுதியிருந்த மொழி ஏடா. கண்டிப்புக்குப் பேர்போன மொழி. ஏரியான் 4-ல் ஒழுங்காக ஓடிய நிரலை அப்படியே எடுத்து வைத்தார்கள். புதிய ராக்கெட்டின் கிடைமட்ட வேகம் அதிகம். நிரலுக்கு அது தெரியாது.

துருவாணி:

அந்தக் கதையின் இன்னொரு பாதியையும் சொல்ல வேண்டும். ஏடா அந்தப் பிழையைக் கண்டுகொண்டது. இப்படிக் கொள்ளாமல் போகக்கூடிய மாறிகள் ஏழு இருந்தன. அவற்றில் நான்குக்கு மட்டும் பாதுகாப்பு எழுதினார்கள். மீதி மூன்றை, கணினியின் வேலைச்சுமையை 80 சதவீதத்துக்குள் வைக்க வேண்டும் என்பதற்காகத் தெரிந்தே விட்டார்கள். ஏரியான் 4-ன் பாதையில் அந்த மூன்றும் எல்லை மீறவே முடியாது என்று கணக்குப் போட்டிருந்தார்கள், அந்தக் கணக்கும் சரிதான். மொழி கதவைக் கொடுத்தது. மனிதர்கள் அதைத் திறந்து வைத்தார்கள்.

எல்லைக்கல்:

ஆமாம், இப்போது நாம் இரண்டு பேரும் ஒரே இடத்துக்கு வந்துவிட்டோம் என்று நினைக்கிறேன். 'இந்த எண் இவ்வளவுக்கு மேலே போகாது' என்ற கணக்கு யாரோ ஒருவர் தலையில் இருந்தது. நிரல் அடுத்த ராக்கெட்டுக்குக் கடந்தது, கணக்கு கூடவே போகவில்லை. நான் எல்லை என்று சொல்வது இதையும் சேர்த்துத்தான்.

முன்வாசல்:

பன்னிரண்டு வருடமாக முன்முனை வேலை, அதாவது பயனர் பார்க்கும் பக்கம். ஜாவாஸ்கிரிப்ட்டோடு வகைகளைச் சேர்த்த மொழியான டைப்ஸ்கிரிப்ட் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் புதிதாக வருகிறவர்கள் இதில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

டைப்ஸ்கிரிப்ட் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 2012-ல் அது வந்தபோது வேண்டாம் என்று இருந்தவன், இன்றைக்கு அது இல்லாமல் ஒரு கோப்புகூடத் தொடங்க மாட்டேன். ஆனால் அதன் வகைகள் எல்லாம் கம்பைல் ஆகும்போதே அழிந்துவிடும். ஓடும்போது பிரவுசரில் இருப்பது வெறும் ஜாவாஸ்கிரிப்ட். சர்வரிலிருந்து வந்த பதிலுக்குப் பக்கத்தில் 'இது பயனர் வகை' என்று நாம் எழுதினால், அது சோதனை ஆகாது. நாம் கொடுக்கிற வாக்குறுதி, அவ்வளவுதான். கம்பைலர் அதை அப்படியே நம்பிவிடும். சர்வர்க்காரர் ஒரு புலத்தின் பெயரை மாற்றினால், எங்கேயோ நான்கு கோப்பு தள்ளி, 'அன்டிஃபைன்டிலிருந்து (மதிப்பே தரப்படாத ஒன்றிலிருந்து) படிக்க முடியவில்லை' என்று வெடிக்கும். வெடித்த இடத்துக்கும் தப்பு நடந்த இடத்துக்கும் சம்பந்தமே இருக்காது.

இப்போது வெளியிலிருந்து வரும் எதையும், வந்த வாசலிலேயே ஓடும்போது சரிபார்க்கிறோம். அதற்கு ஸோட் மாதிரி லைப்ரரிகள் இருக்கின்றன. ரஸ்ட்டில் செர்டே என்ற லைப்ரரி இந்த வேலையை இயல்பாகவே செய்கிறது. புலம் இல்லையென்றால் அங்கேயே நின்றுவிடும். அந்த விஷயத்தில் துருவாணி சொல்வதன் பக்கம்தான் நான்.

அப்புறம் தேதி. பிறந்த நாளை '2001-03-10' என்று சர்வர் அனுப்புகிறது. ஜாவாஸ்கிரிப்ட் நேரம் இல்லாத இந்த வடிவத்தை உலகப் பொது நேரப்படி நள்ளிரவு என்று எடுத்துக்கொள்ளும். காட்டும்போது பயனரின் உள்ளூர் நேரத்துக்கு மாற்றும். கிரீன்விச்சுக்கு மேற்கே இருப்பவருக்கு மார்ச் 9 என்று தெரியும். கிழக்கே உட்கார்ந்து எழுதிச் சோதித்த எங்கள் யாருக்கும் ஒரு தடவைகூட இது தெரியவில்லை. அதே தேதியோடு நேரத்தையும் சேர்த்து, மண்டலத்தைக் குறிப்பிடாமல் எழுதினால் உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்ளும். ஒரே மொழி, ஒரே கன்ஸ்ட்ரக்டர், இரண்டு அர்த்தம். 1995-ல் பத்து நாளில் எழுதிய மொழி. தேதி வசதியை அன்றைய ஜாவாவைப் பார்த்து அப்படியே எடுத்துக்கொண்டார்கள். மாதம் பூச்சியத்தில் தொடங்குவதும் அங்கிருந்து வந்ததுதான். ஜாவா 2014-ல், எட்டாம் பதிப்பில், புதிய தேதி நூலகத்தோடு வெளியே வந்துவிட்டது. பிரவுசர்களுக்குள் டெம்போரல் என்ற புதிய தேதி வசதி இப்போதுதான் வரத் தொடங்கியிருக்கிறது.

பிறந்த நாள் என்பது ஒரு கணம் அல்ல, ஒரு நாள். அதற்கு நேர மண்டலம் கிடையாது. இந்த வேறுபாடு எங்கள் ஏபிஐயில் எங்கேயும் எழுதப்படவில்லை. அதுதான் உண்மையான பிழை.

முதல்வரி:

இந்த இழையை மூன்று தடவை படித்துவிட்டேன். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. ஒரு சந்தேகம்: எழுத்துகளிலும் இப்படி நடக்குமா? எண்ணும் தேதியும் புரிகிறது. எழுத்து எழுத்தாகத்தானே கடக்கும்?

அட்டவணை:

முதல்வரி, நல்ல கேள்வி. டேட்டாபேஸ் பக்கத்திலிருந்து நான் சொல்கிறேன்.

'தமிழ்' என்ற சொல்லின் நீளம் என்ன? நமக்கு மூன்று எழுத்து: த, மி, ழ். ஜாவாஸ்கிரிப்ட், ஜாவா, பைத்தான் மூன்றிலும் கேட்டால் 5 என்று வரும். மகரத்தில் இகரக் குறி தனி, ழகரத்தில் புள்ளி தனி. கோ, ரஸ்ட் இரண்டிலும் கேட்டால் 15. அவை பைட் கணக்கு, எழுத்துகளைப் பைட்டுகளாக வைக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட். ஸ்விஃப்ட்டில் கேட்டால் 3. ஐந்தும் சரி, பதினைந்தும் சரி, மூன்றும் சரி. ஒவ்வொரு மொழியும் வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறது.

எனக்கு நடந்தது இது. படிவத்தில் பெயருக்கு அதிகபட்சம் 30 எழுத்து என்று வைத்திருந்தார்கள். ஆரக்கிள் டேட்டாபேஸில் அந்த நெடுவரிசையும் 30 என்றுதான் இருந்தது. எல்லோருக்கும் திருப்தி. ஆனால் ஆரக்கிளில் தனியாகக் குறிப்பிடாவிட்டால் அந்த 30 என்பது பைட். ஆங்கில எழுத்தில் பெயர் எழுதினவர்களுக்கு எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. 'தமிழ்ச்செல்வி' என்று எழுதினால் 13 குறியீடு, 39 பைட், டேட்டாபேஸ் வாங்க மாட்டேன் என்றது. படிவத்தில் 'ஏதோ தவறு, பிறகு முயலவும்' என்று ஒரு செய்தி. தன் பெயரைத் தன் மொழியில் எழுதினவருக்கு மட்டும் அந்தச் செய்தி வந்தது. பல மாதம் யாரும் புகார் சொல்லவில்லை. பேசாமல் ஆங்கிலத்தில் மாற்றி எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். இதை நினைத்தால் இன்னும் மனசு சங்கடப்படுகிறது.

மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸில் வேறு கதை. அங்கே 30 என்றால் 30 குறியீடுதான். ஆனால் 'யுடிஎஃப்8' என்ற பழைய பெயரில் இருப்பது மூன்று பைட் வரைதான் தாங்கும். தமிழ் தப்பித்துவிடும், நான்கு பைட் வேண்டும் என்கிற ஈமோஜி மாட்டிக்கொள்ளும். அதற்கு 'யுடிஎஃப்8எம்பி4' என்று தனியாகக் கேட்க வேண்டும்.

எல்லைக்கல்:

அட்டவணை, அந்தப் பெயர்க் கதைக்கு நன்றி. நாளைக்கே எங்கள் படிவங்களைப் பார்க்கிறேன்.

என் பட்டியலில் அதிகமாக இருந்தது எண்ணும் அல்ல, தேதியும் அல்ல. 'இல்லை' என்பதுதான். ஒரு மதிப்பு இல்லை என்று சொல்ல எத்தனை வழி இருக்கிறது பாருங்கள்: புலமே வரவில்லை, புலம் வந்து அதில் நல் (null, 'மதிப்பு இல்லை' என்ற குறி) இருக்கிறது, வெற்றுச் சரம் (ஓர் எழுத்தும் இல்லாத உரை) இருக்கிறது, பூச்சியம் இருக்கிறது. மனிதர்களுக்கு இவை நான்கும் வெவ்வேறு பேச்சு. 'அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை' என்பது வேறு, 'அதை அழித்துவிடு' என்பது வேறு.

எங்களிடம் ஒரு கோ சர்வீஸ் இருந்தது, பயனர் விவரங்களைத் திருத்துவதற்கு. மொபைல் செயலி மாறிய புலங்களை மட்டும் அனுப்பும். அறிவிப்பு எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பதும் அதில் ஒரு புலம், வெறும் முழு எண். கோ மொழியில் ஜேசானைப் பிரித்துப் போடும்போது வராத எண் புலம் பூச்சியமாக நிற்கும். பாயிண்டராக (மதிப்பு இருக்கும் இடத்தைக் காட்டும் குறியாக) வைத்திருந்தால்தான் வந்ததா வரவில்லையா என்று தெரியும். நாங்கள் வைக்கவில்லை. விளைவு, யாரெல்லாம் தங்கள் பெயரைத் திருத்தினார்களோ, அவர்களுக்கெல்லாம் அறிவிப்பு நேரம் 0 ஆயிற்று. நள்ளிரவு 12 மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. பெயரைத் திருத்துவதற்கும் நள்ளிரவு அறிவிப்புக்கும் தொடர்பு இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

இதற்கு நேர் எதிரான ஒன்றும் நடந்தது. பயனர் தன் தொலைபேசி எண்ணை அழிக்கிறார். முன்முனையில் அந்தப் புலத்தை அன்டிஃபைன்டு ஆக்குகிறார்கள். ஜாவாஸ்கிரிப்ட் ஜேசானாக மாற்றும்போது அன்டிஃபைன்டு இருக்கிற புலத்தைப் பேசாமல் விட்டுவிடும். சர்வருக்கு அது வரவே இல்லை, அதனால் 'மாற்றமில்லை' என்று எடுத்துக்கொண்டது. அழித்துவிட்டேன் என்று அவர் நம்பிய எண் எங்களிடமே இருந்தது. இதைச் சாதாரணப் பிழை என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. அவர் கேட்டது அவருடைய உரிமை.

துருவாணி:

கூகுளின் தரவு வடிவமான புரோட்டோபஃபும் இதே குழியில் விழுந்து எழுந்ததுதான். மூன்றாம் பதிப்பில் எளிய வகைகளுக்கு 'வந்ததா இல்லையா' என்ற தகவலையே எடுத்துவிட்டார்கள். பூச்சியமும் வராததும் ஒன்றாகிவிட்டன. பிறகு 2021-ல் 'ஆப்ஷனல்' என்ற சொல்லைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். எல்லைக்கல்லின் முதல் கதைக்கும் அங்கே பதில் இருக்கிறது: புரோட்டோபஃபை ஜேசானாக எழுதும்போது 64 பிட் முழு எண்கள் சரமாகத்தான் போகும், அது விதி. அடி வாங்கியவர்கள் எழுதிய விதி என்று பார்த்தாலே தெரிகிறது.

முன்வாசல்:

இன்னொரு எல்லை இருக்கிறது, யாரும் சொல்லவில்லை. நம் நிரலுக்கும் நாம் எழுதாத நிரலுக்கும் நடுவில் இருப்பது. 2016 மார்ச்சில் பதினொரு வரி நீளமுள்ள லெஃப்ட்-பேட் என்ற சிறிய தொகுப்பை அதை எழுதியவர் ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்புகளின் பொதுக் களஞ்சியமான என்பிஎம்மிலிருந்து எடுத்துவிட்டார். அதை நேரடியாகக் கேள்விப்பட்டே இராத ஆயிரக்கணக்கான திட்டங்கள் பில்ட் ஆகாமல் நின்றன.

இதற்கு நேர்மாறாக மனதுக்குப் பிடித்த ஒன்று: 2018-ல் ஜாவாஸ்கிரிப்ட் வரிசைகளுக்கு 'ஃபிளாட்டன்' என்று ஒரு புதிய வசதி வர இருந்தது. மூடூல்ஸ் என்ற பழைய லைப்ரரி அதே பெயரில் தன்னுடையதை வைத்திருந்தது, புதியது வந்தால் சில பழைய தளங்கள் உடையும் என்று தெரிந்தது. மொழியில் வர இருந்த வசதியின் பெயரையே 'ஃபிளாட்' என்று மாற்றிக்கொண்டார்கள். யாரோ எப்போதோ எழுதிவிட்டு மறந்துபோன பக்கங்களுக்காக. வெப்பில் வேலை செய்வதில் எனக்குப் பெருமை தரும் விஷயம் இது.

முதல்வரி:

அப்படியானால் என்னைப் போல் இருக்கிறவர்கள் அடுத்து எந்த மொழி படிக்கலாம்? டீமில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

அட்டவணை:

எஸ்க்யூஎல், டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழி. 1974-லிருந்து இருக்கிறது, நான் இதுவரை தொட்ட எல்லாத் திட்டத்திலும் இருந்தது.

எல்லைக்கல்:

அட்டவணை சொன்னதை வழிமொழிகிறேன். கூடவே இப்போது நீங்கள் எழுதும் மொழிக்கு மிகவும் தள்ளி இருக்கிற ஒன்றைப் படியுங்கள். பைத்தான் எழுதுகிறீர்கள் என்றால் ரஸ்ட்டோ கோவோ. வேலைக்காக அல்ல. 'சரத்தின் நீளம்' என்பதற்கு இன்னொரு பதில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும், அதற்காக. ஒரே மொழியில் இருக்கும்வரை அதன் பழக்கங்கள் உலக நியதி மாதிரித் தெரியும்.

சரி, இத்தனை பேசியதை வைத்து எங்கள் டீமில் ஒன்று செய்தோம், சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு பதிவைத் தயார் செய்தோம். அதில் அடையாள எண் 9007199254740993. பெயர் 'தமிழ்ச்செல்வி', பக்கத்தில் ஒரு ஈமோஜி. பிறந்த நாள் பிப்ரவரி 29. ஒரு புலம் நல், ஒரு புலம் வெற்றுச் சரம், ஒரு புலம் வரவே வராது, ஒரு புலம் நிஜமாகவே பூச்சியம். தொகை 0.1-ம் 0.2-ம் கூட்டினது, டபுளில் வைத்திருந்தால் 0.30000000000000004 என்று காட்டிக்கொடுத்துவிடும். இந்தப் பதிவு படிவத்திலிருந்து கிளம்பி, எல்லா சர்வீஸும் சுற்றி, டேட்டாபேஸில் போய் உட்கார்ந்து, திரும்பத் திரைக்கு வர வேண்டும். போனது போலவே வந்ததா என்று பார்க்கிறோம். ஒவ்வொரு பில்ட்டிலும் ஓடுகிறது. சோதிக்கும் கணினிகளில் ஒன்றின் நேர மண்டலத்தைக் கிரீன்விச்சுக்கு மேற்கே வைத்திருக்கிறோம், முன்வாசலின் பிறந்த நாள் கதைக்காக.

முதல் தடவை ஓட்டியபோது ஐந்து இடத்தில் விழுந்தது.

துருவாணி:

எங்களிடம் இன்று ஓட்டினேன். எல்லாமே ரஸ்ட் என்பதால் ஒன்றும் விழாது என்று நம்பினேன். இரண்டு விழுந்தன. ஒன்று, வராத புலமும் நல்லும். ஆப்ஷன் ('இருக்கலாம், இல்லாமலும் போகலாம்' என்ற வகை) என்று வைத்தால் செர்டே இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும், பிரிக்க வேண்டுமென்றால் தனியாக எழுத வேண்டும். இன்னொன்று, நாங்களும் அடையாள எண்ணை எண்ணாகவே பிரவுசருக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம்.

முதல்வரி:

நானும் என் சின்ன சர்வீஸில் ஓட்டிப் பார்த்தேன். ஈமோஜியில் விழுந்தது, மைஎஸ்க்யூஎல். அட்டவணை சொன்ன அதே இடம். எட்டு மாதத்தில் நானே கண்டுபிடித்த முதல் பிழை, டீம் கூட்டத்தில் காட்டப் போகிறேன். எல்லைக்கல் அண்ணா, கடைசியில் எந்த மொழி என்று முடிவாயிற்று?

எல்லைக்கல்:

வாழ்த்துகள். கூட்டத்தில் காட்டும்போது டேபிளை மாற்றும் முன் பிரதி எடுத்துவிட்டீர்களா என்று யாராவது கேட்பார்கள், தயாராகப் போங்கள்.

ஜாவா. 21-ஆம் பதிப்பு. எங்கள் ஒன்பது பேரில் ஏழு பேர் அதை ராத்திரி இரண்டு மணிக்கும் படித்துப் புரிந்துகொள்வார்கள். ஏபிஐ விவரணையை எழுத மூன்று வாரம் கேட்டிருக்கிறேன், மொழிக்கு ஒரு மதியம் போதுமாக இருந்தது.